கை ஊணாம எந்திரிக்கிறது

ஒன்பது நாள். அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருந்தது மொத்தமே ஒன்பது நாள்தான். நிமோனியா. காய்ச்சல் இறங்கிடுச்சு, நெஞ்சுச்சளி கரைஞ்சிடுச்சு, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்து அனுப்பினாங்க. "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க சார்"னு சொன்னாங்க, நாங்களும் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டோம்.

மறுநாள் காலைல அவருக்குப் பேன்ட் மாத்தி விடும்போதுதான் தொடையைப் பார்த்தேன். தோல் தளர்ந்து தொங்குது, உள்ள இருந்த சதையை யாரோ உருவி எடுத்துட்ட மாதிரி. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சா என் விரல் நுனி ஒண்ணை ஒண்ணு தொட்டுடுச்சு. எழுபத்தி நாலு வயசு மனுஷன், ஆனா போன மாசம் வரைக்கும் மாடிக்கு ஏறி இறங்கிட்டு இருந்தவரு. பேன்ட் போட்டு முடிச்சதும் சேர்ல உட்கார வச்சேன், கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிக்கப் பார்த்தாரு, முடியல. கைப்பிடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு முன்னால ஒரு ஆட்டம், பின்னால ஒரு ஆட்டம், மறுபடி முன்னால, இடுப்பு ரெண்டு விரல்கடை மேல வருது, பொத்துனு விழுந்துடுது. மூணாவது தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாரு. அந்தப் பார்வைதான் என்னை இத்தனை மாசமா தசையைப் பத்திப் படிக்க வச்சுது.

நுரையீரலுக்கு மருந்து கொடுத்தாங்க, கிட்னியைப் பார்த்தாங்க, இதயத்தைப் பார்த்தாங்க, தொடையை ஒருத்தர்கூடப் பார்க்கல. அதுல எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு. ஏன்னா படுத்த படுக்கையா இருந்தா வயசானவங்க கால் என்ன ஆகும்னு அளந்தே வச்சிருக்காங்க. 2007ல வெளிவந்த ஒரு ஆய்வு, சராசரி வயசு 67, எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவங்க பத்துப் பேர் சொச்சம், அவங்களைப் பத்து நாள் பெட்லயே இருக்க வச்சுப் பார்த்தாங்க. பத்தே நாள்ல கால்கள்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்துச்சு, முழங்காலை நீட்டுற பலம் 16 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அவங்களுக்குக் காய்ச்சல் இல்ல, தொற்று இல்ல, சாப்பாடும் அளவா கிடைச்சுது. அப்பாவுக்கு இது எல்லாமே எதிர்ப்பக்கம், ஒன்பது நாள்ல அவரு ஒழுங்கா சாப்பிட்டது மூணு வேளை இருந்தா அதிகம்.

தசைன்னா நமக்கு ஜிம் போறவங்க நினைப்புதான் வருது. உண்மையில நம்ம உடம்பு எடையில ஏறக்குறைய 40 சதவீதம் எலும்போட ஒட்டியிருக்கிற இந்தத் தசைதான், அறுநூறுக்கும் மேல தசைகள் இருக்கு. சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சர்க்கரையில ஒரு பெரிய பங்கை இன்சுலின் சொல்லி உள்ள வாங்கிக்கிறது இதுதான், அதனால தசை குறைஞ்சா சர்க்கரை போய்ச் சேர இடமும் குறையுது. எல்லாத்துக்கும் மேல இது ஒரு சேமிப்பு. கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தனி இடம் இருக்கு, மாவுச்சத்துக்குக் கல்லீரல் இருக்கு, புரோட்டீனுக்குன்னு தனியா ஒரு கிடங்கு நம்ம உடம்புல கிடையாது. அவசரத்துக்குத் தேவைப்பட்டா தசையை இடிச்சுத்தான் எடுக்கணும். காய்ச்சல்ல நோய் எதிர்ப்பு செல்கள் பெருகணும், கல்லீரல் புதுசு புதுசா புரோட்டீன் செய்யணும், அதுக்கான அமினோ அமிலம் எங்க இருந்து வருது? அப்பாவோட தொடையில இருந்து வந்துச்சு. அதைப் படிச்ச அன்னைக்கு அந்தத் தொங்கின தோலை நான் வேற மாதிரி பார்த்தேன், நிமோனியாவோட அவரு போட்ட சண்டைக்கான செலவு அது.

சரி, செலவான பணத்தை மறுபடி சம்பாதிச்சுக்கலாமே, இருபது வயசுப் பையன் ஒன்பது நாள் படுத்தாலும் ஒரு மாசத்துல தேறிடுறானே, எழுபதுல ஏன் முடியல? இங்கதான் விஷயம் ஆழமா போகுது.

தசைங்கிறது எப்பவுமே கட்டிக்கிட்டும் இடிச்சுக்கிட்டும் இருக்கிற ஒரு வீடு. புரோட்டீன் சாப்பிட்டா சில மணி நேரம் கட்டுற வேலை ஓங்கும், பட்டினியா இருக்கும்போது இடிக்கிற வேலை ஓங்கும், ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் அளவு மாறாது. கட்டுறதுக்கு ரெண்டு பேர் குரல் கொடுக்கணும். ஒண்ணு சாப்பாடு, குறிப்பா லூசின்ங்கிற அமினோ அமிலம். இன்னொண்ணு பாரம், அதாவது தசை இழுபடுற இழுவை. ரெண்டு குரலும் கடைசியில செல்லுக்குள்ள எம்டார்னு ஒரு சுவிட்சைத்தான் போய்த் தட்டுது. வயசாக ஆகத் தசைக்குக் காது மந்தமாயிடுது. இளவயசுல ஒரு வேளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.24 கிராம் புரோட்டீன் போனாலே கட்டுற வேலை முழு வேகத்துல ஓடுது, வயசானவங்களுக்கு அதே வேகம் வர கிலோவுக்கு 0.4 கிராம் வேணும்னு 2015ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கும் மேல. செவிட்டுக் காது இல்ல அது, சத்தமா சொன்னாக் கேட்கும். இதை நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்கேன், ஏன்னா 'வயசாயிடுச்சு, இனி என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது'ன்னு அப்பாவே சொன்னாரு, நாங்களும் தலையாட்டிக்கிட்டு இருந்தோம்.

அப்பா எடை அப்ப 62 கிலோ. 0.4ஆல பெருக்கினா ஒரு வேளைக்கு 25 கிராம். காலைல அவரு சாப்பிட்டது டீயும் ரெண்டு பிரெட்டும், அதுல புரோட்டீன் தாராளமா போட்டாலும் ஆறேழு கிராம். மத்தியானம் சுமாரா வரும், ராத்திரி மறுபடி டீயும் பிரெட்டும். அதாவது ஒரு நாள்ல அவரோட தசைக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல்கூடப் போகல. கட்டாயம் தேவைன்னு பொதுவா சொல்ற அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம், ஆனா 65 வயசு தாண்டினவங்களுக்கு 1ல இருந்து 1.2 கிராம் வேணும், நோய்ல இருந்து எந்திரிச்சு வர்றவங்களுக்கு 1.2ல இருந்து 1.5 வரைக்கும்னு 2013லயே நிபுணர் குழு சொல்லியிருக்கு. கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவங்க டாக்டரைக் கேட்காம ஏத்தக் கூடாது. அப்பாவுக்குக் கிட்னி நல்லா இருந்துச்சு, கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சோம். காலைல ரெண்டு முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால், இதுலயே இருபது கிராம் வந்துடுது, பிரெட்டோட சேர்ந்தா கணக்கு சரியாயிடுச்சு. ராத்திரி கெட்டியா பருப்பு, கூட மீனோ தயிரோ.

புரோட்டீன் பவுடர் டின் ஒண்ணும் வாங்கினேன். வாங்கி வச்சதும் பெரிய நிம்மதி, வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பதான் மரியா ஃபியாட்டரோன் குழு 1994ல செஞ்ச ஆய்வு கண்ணுல பட்டுச்சு. முதியோர் இல்லத்துல இருந்த நூறு பேர், சராசரி வயசு 87, பத்து வாரம். நாலு பிரிவா பிரிச்சாங்க, ஒரு பிரிவுக்குப் பளு தூக்குற பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்து பானம், ஒரு பிரிவுக்கு ரெண்டும், ஒரு பிரிவுக்கு ரெண்டும் இல்ல. பயிற்சி செஞ்சவங்க பலம் இரட்டிப்புக்கும் மேல, 113 சதவீதம் கூடிச்சு. செய்யாதவங்களுக்கு 3 சதவீதம். சத்து பானம் தனியா ஒண்ணுமே செய்யல. அதுலயே ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது: பானம் கொடுத்தும்கூட, ஒரு நாளைக்கு உள்ள போன மொத்தச் சாப்பாடு உண்மையிலேயே கூடினது பயிற்சியும் செஞ்சவங்களுக்கு மட்டும்தான். உடம்பு வேலை செஞ்சாதான் பசியும் எந்திரிக்குது.

அதே ஃபியாட்டரோன் 1990ல செஞ்சது இன்னும் பெருசு. தொண்ணூறு வயசு பத்துப் பேர், எட்டு வாரம், கடினமான எடைப் பயிற்சி. ஏனோதானோன்னு கையை ஆட்டுறது கிடையாது, தூக்க முடிஞ்ச அதிகபட்ச எடையில 80 சதவீதம். அந்த வயசுல, அந்த எடையா, எலும்பு உடைஞ்சிடாதான்னுதான் எல்லாருக்கும் தோணும். முழுசா முடிச்ச ஒன்பது பேரோட பலம் சராசரியா 174 சதவீதம் ஏறிச்சு, ரெண்டு பேர் கைத்தடியை விட்டுட்டாங்க. கை ஊணாம சேர்ல இருந்து எந்திரிக்க முடியாம இருந்த மூணு பேர்ல ஒருத்தர் எந்திரிச்சாரு. அந்த வரியைப் படிக்கும்போது நான் அப்பா ரூம் வாசல்ல நின்னுட்டு இருந்தேன், அவரு உள்ள உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தாரு.

பிசியோதெரபி செய்யற ஒரு பொண்ணு வாரம் மூணு நாள் வர ஆரம்பிச்சாங்க. முதல் நாள் மெஷின் எதுவும் கொண்டு வரல, வீட்ல இருந்த சேரையே சுவரோரமா தள்ளி, அது மேல ரெண்டு தலையணையை அடுக்கினாங்க. உட்கார்ற உயரம் கூடினா தொடைக்கு வேலை குறையும், அதான் கணக்கு. "அப்பா, குதிகாலைப் பின்னால இழுங்க. இன்னும் கொஞ்சம். இப்ப குனிங்க, மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும், வந்த பிறகு எந்திரிங்க." அப்பா இத்தனை நாளா முதுகை நேரா வச்சுக்கிட்டு மேல போகப் பார்த்துட்டு இருந்திருக்காரு. மூக்கு முன்னால வந்துச்சு, இடுப்பு தானா லேசாச்சு, எந்திரிச்சுட்டாரு. ரெண்டு தலையணை உயரத்துல இருந்துதான், இருந்தாலும் கை கைப்பிடியில இல்ல, நெஞ்சுல கட்டியிருந்துச்சு. அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஒண்ணும் பேசல.

நாலு தடவை செஞ்சதும் தொடை நடுங்குது. போதும்னு நான் சொல்றேன், அந்தப் பொண்ணு விடல. "கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும் அப்பா, ஈசியா இருந்தா அது கணக்குல வராது." கொடுமையா பட்டுச்சு எனக்கு. இப்ப புரியுது. பாரம் சின்னதா பெருசாங்கிறதை விட, தசை களைச்சுப் போற அளவுக்குப் பக்கத்துல போச்சாங்கிறதுதான் தசை வளர்றதுக்கு முக்கியம், லேசான எடையானாலும் முடியாம போற வரைக்கும் செஞ்சா தசை வளரத்தான் செய்யுது. வாரங்கள் ஓட ஒரு தலையணை போச்சு, அப்புறம் ரெண்டாவதும் போச்சு, அப்புறம் நெஞ்சோட அணைச்சுப் பிடிக்க ஒரு தோள்பை, அதுக்குள்ள ஒரு புத்தகம், ரெண்டு புத்தகம்.

முதல் மூணு நாலு வாரத்துல தொடை அளவு ஒரு துளிகூட மாறல, டேப் வச்சு அளந்தேன். ஆனா எந்திரிக்கிறது மட்டும் நாளுக்கு நாள் மேலாச்சு. இது எப்படின்னா, ஆரம்பத்துல கூடுறது நரம்போட திறமை. ஏற்கனவே இருக்கிற தசை இழைகள்ல நிறைய இழையை ஒரே நேரத்துல கூப்பிடக் கத்துக்குது. சதை பெருக்கிறது பின்னால மெதுவா வரும். இதைத் தெரிஞ்சுக்காம ரெண்டு வாரம் செஞ்சுட்டு கண்ணாடியில ஒண்ணும் தெரியலன்னு விட்டுடறவங்க நிறைய.

நரம்புன்னு சொன்னதால இதையும் சொல்லணும், வயசாகிறதுல தசைக்கு நடக்கிற பெரிய சேதம் ஒண்ணு அங்கதான். முதுகுத்தண்டுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு இயக்க நரம்பு செல்லும் நூத்துக்கணக்கான தசை இழைகளைத் தன் கட்டுப்பாட்டுல வச்சிருக்கும். வயசாக ஆக இந்த செல்கள் ஒவ்வொண்ணா செத்துப்போகுது. அதை நம்பியிருந்த இழைகள் அனாதையாயிடும், பக்கத்துல இருக்கிற வேற நரம்பு கிளை விட்டு அதுகளைத் தத்தெடுத்துக்கும், தத்தெடுக்க ஆள் இல்லாத இழைகள் சுருங்கி அழிஞ்சுடும். தத்து எடுக்கிறது பெரும்பாலும் மெதுவா இயங்குற நரம்புகள், அதனால வேகமா இயங்கிட்டிருந்த இழையும் மெதுவான இழையா மாறிடுது. 1988ல யான் லெக்செல் குழுவினர் 15 வயசுல இருந்து 83 வயசு வரைக்கும், திடீர்னு இறந்துபோன 43 ஆண்களோட தொடைத் தசையைக் குறுக்க முழுசா வெட்டி இழைகளை எண்ணிப் பார்த்தாங்க. இருபத்தஞ்சு வாக்குலயே குறைய ஆரம்பிக்குது, எண்பது வயசுக்குள்ள தசைப் பரப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிடுது, அதுக்கு முக்கியக் காரணம் இழைகளோட எண்ணிக்கையே குறையறது. மிச்சம் இருக்கிறதுல வேகமான இழைகள் மெலிஞ்சும் போயிடுது.

வேகமான இழை எதுக்கு இந்த வயசுல, ஓட்டப்பந்தயமா ஓடப் போறாரு? கால் இடறினா அடுத்த காலை முன்னால வைக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. அந்த நேரத்துல வேலை செய்யற இழைதான் அது. பலம் இருந்தும் வேகம் இல்லைன்னா விழுந்த பிறகுதான் கால் வரும். உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழ விழுந்து இறந்துபோறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல பெரும்பங்கு வயசானவங்க. அதனாலதான் அந்தப் பிசியோ பொண்ணு ரெண்டு மாசம் கழிச்சு முறையை மாத்தினாங்க, "உட்காரும்போது மூணு எண்ணி மெதுவா, எந்திரிக்கும்போது சட்டுனு." வெறும் நடை போதாதான்னு கேட்டேன், அப்பாவுக்கு நடக்கத்தான் பிடிக்கும். நடை இதயத்துக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது, நடக்கணும். ஆனா சமதரையில மெதுவா நடக்கிறது இந்த வேகமான இழைகளை அவ்வளவா கூப்பிடறது இல்ல. 65 வயசுக்கு மேல வாரம் மூணு நாளாவது பலத்துக்கும் பேலன்ஸுக்குமான பயிற்சி வேணும்னு 2020ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்லயே இருக்கு.

இந்தச் சதை இழப்புக்கு ஒரு பேரே ரொம்ப லேட்டாத்தான் கிடைச்சுது. 1989ல இர்வின் ரோசன்பெர்க்தான் சார்கோபீனியான்னு பேர் வச்சாரு, கிரேக்கத்துல சதைக் குறைவுன்னு அர்த்தம். அமெரிக்காவுல நோய்ப் பட்டியல்ல இதுக்குன்னு தனிக் குறியீடு கிடைச்சது 2016ல. பேரில்லாத வரைக்கும் எல்லாரும் 'வயசாச்சு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டோம். இப்ப அளக்கக்கூட எளிமையான வழி இருக்கு. கையால எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியுதுன்னு ஒரு கருவி. 2015ல 17 நாடுகள்ல கிட்டத்தட்ட 1,40,000 பேரை வச்சுப் பார்த்ததுல பிடி 5 கிலோ குறைவா இருக்கிற ஒவ்வொரு படிக்கும் இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலா இருந்துச்சு. கையை மட்டும் பலமாக்கினா ஆயுசு கூடும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, மொத்த உடம்பு எப்படி இருக்குன்னு கை காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான். கருவி இல்லாதவங்களுக்கு சேர் இருக்கு. கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உட்காரணும், நேரம் பார்க்கணும். 12ல இருந்து 15 செகண்டுக்கு மேல போனா கவனிக்கணும்.

என்னையும் சொல்லிக்கணும். எனக்கு நாற்பத்தி மூணு, எடை பத்து வருஷமா மாறல, அதுலயே திருப்தியா இருந்தேன். எடை மாறாம இருக்கும்போதே உள்ள சதை குறைஞ்சு கொழுப்பு கூடலாம், எடை மெஷின்ல நிக்கும்போது அது தெரியவே தெரியாது. பட்டினி கிடந்து எடை குறைக்கிறவங்களுக்கும் இதேதான், பயிற்சி இல்லாம குறைச்சா போற எடையில ஒரு பங்கு சதை. இன்னொரு ஆய்வு என்னை ரொம்ப உலுக்கிச்சு. வயசானவங்க சிலரை வழக்கமா நடக்கிறதுல முக்கால்வாசியைக் குறைச்சுக்கச் சொன்னாங்க, பெட்ல படுக்கச் சொல்லல, வீட்ல சும்மா இருங்கன்னு மட்டும்தான். ரெண்டே வாரத்துல கால் சதை ஏறக்குறைய 4 சதவீதம் குறைஞ்சுது, சாப்பாட்டுக்குத் தசை காது கொடுக்கிறதும் குறைஞ்சுது. ஒரு சளி, ஒரு சுளுக்கு, தொடர்ந்து ஒரு வாரம் மழை, இப்படி எத்தனை ரெண்டு வாரம் அப்பாவோட எழுபதுகள்ல போயிருக்கும், யாருக்கும் தெரியாம.

ஆறாவது வாரம் அப்பா தலையணை இல்லாம அஞ்சு தடவை எந்திரிச்சாரு, 22 செகண்ட். நாலாவது மாசம் 13. டேப்ல தொடை அளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்துச்சு, சும்மா இருக்கும்போது அவரே கையால சுத்திப் பிடிச்சுப் பார்த்துக்குவாரு, விரல் நுனி இப்ப தொடறதில்ல. நடுவுல வெளியூர் போய் மூணு வாரம் விட்டுட்டோம், வந்து பார்த்தா 16 ஆயிடுச்சு. தொண்ணூறு வயசுக்காரங்க ஆய்விலயும் நிறுத்தின நாலே வாரத்துல இருந்த பலத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு போயிருந்துச்சு, அதனால பதறல, மறுபடி ஆரம்பிச்சோம்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா முடிச்சுட்டு, "நீயும் ஒரு தடவை உட்காரேன்"னு அம்மாவைக் கூப்பிட்டாரு. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்னாங்க. வற்புறுத்தி உட்கார வச்சோம். அம்மாவுக்கு எழுபது, ஆஸ்பத்திரியில ஒரு நாள்கூடப் படுத்ததில்ல, நாள் பூரா நின்னுட்டே இருக்கிறவங்க. கையைக் கட்டச் சொன்னேன். முதல் தடவை எந்திரிச்சாங்க. ரெண்டாவது தடவை முன்னால குனிஞ்சாங்க, இடுப்பு மேல வந்துச்சு, வந்த வேகத்துல இறங்கிடுச்சு, கை ரெண்டும் தானா கைப்பிடிக்குப் போயிடுச்சு. இந்த அஞ்சு மாசமா அப்பாவுக்கு முட்டை அவிச்சது, பால் காய்ச்சினது, கிராம் கணக்கைக் காகிதத்துல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினது எல்லாம் அவங்கதான். அவங்க காலைல என்ன சாப்பிடறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். டீ. ரெண்டு பிரெட்.

அப்பா ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு உள்ள போய் அந்த ரெண்டு தலையணையையும் எடுத்துட்டு வந்து சேர் மேல வச்சாரு. "குதிகாலைப் பின்னால இழு. மூக்கு முன்னால வரணும், அதுக்கப்புறம் எந்திரி"ன்னாரு.